கோட்டுக்கு வணக்கம் சொன்ன தாய்மாமன்

கண் மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பாளையங்கோட்டையில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் இயந்திரம் வந்திறங்கிய அன்று அதற்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சாத்தினோம். ரெஜினா சிஸ்டர் தன் பங்குக்கு அதன்மேல் ஒரு சிலுவைக் குறி போட்டார். நான் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தில் இயந்திரம் முழுசாக விழுந்திருக்கிறது. என் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. அடுத்து வந்த மாதங்களில் நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால், போட்டோக்காரர் விவரம் தெரிந்தவர் என்றுதான் சொல்லவேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கண்ணுக்குள் ரத்தம் நிறைந்துவிட்டால் எந்த விளக்கைப் பிடித்தும் உள்ளே பார்க்க முடியாது. இந்த இயந்திரம் ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைப் படமாகக் காட்டும். படம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அடைமழையில் ஆன்டெனா திரும்பிப்போன வீட்டுத் தொலைக்காட்சி எப்படி இருக்கும், அப்படி இருக்கும். எனக்கோ அதில் எல்லாமே தெரிந்தது. புது மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டுச் சமையல் மாதிரி, அது எதைக் கொடுத்தாலும் ருசியாக இருந்தது.

அந்த மயக்கத்தில் நான் இருந்தபோதுதான் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பிரமநாயகம் வந்தான். இருபது வயதைத் தொடாத பையன். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் முங்கப் போனவன், கூட்டத்தைத் தாண்டிப் பாறைமேலிருந்து ஆற்றில் குதித்திருக்கிறான். தண்ணீர் முகத்தில் அறைந்தது. கரையேறும்போது இடது கண்ணில் சிவப்பு நூல் மிதந்தது. மறுநாள் அந்தக் கண்ணில் பகலும் இருட்டும் மட்டும் பிரிந்து தெரிந்தன.

இதில் ஒரு சிக்கல். வலது கண் அவனுக்குச் சின்ன வயதிலேயே போய்விட்டது. ஏன் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது அதில் கண்புரை முற்றி, கருவிழி நடுவே வெள்ளையாக நின்றது. ஆக, இருந்தது ஒற்றைக் கண். அதிலும் பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் போர்டு தெரியும், எந்தக் கண்ணாடி போட்டும் பார்வை முழுசாக வரவில்லை என்று அவன் அம்மா ஆவுடையம்மாள் விவரமாகச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டேன். காது இருந்தது, கவனம் இல்லை.

திரையில் கண்ணுக்குள் ரத்தப் புள்ளிகள். அவற்றுக்குப் பின்னால் வெள்ளையாக வளைந்து நின்ற ஒரு சவ்வு.

நம் பக்கத்தில் இளவட்டப் பையன் கண்ணில் ரத்தம் என்றால் அன்று எங்கள் எல்லாரிடமும் ஒரு பதில் தயாராக இருந்தது: விழித்திரையின் ரத்தக் குழாய்கள் புண்ணாகிக் கசியும் வியாதி. அது முற்றினால் விழித்திரை கழன்றுவிடும். சவ்வு தெரிகிறதே, கழன்றுவிட்டது! நான் நாற்காலியைச் சுழற்றித் திரும்பி, பெரிய ஆள் தோரணையில் சொன்னேன்: “விழித்திரை கழன்றிருக்கு. மதுரையில உடனே ஆபரேஷன் செய்யணும். நாள் போகப் போகக் கண்ணு கையவிட்டுப் போயிரும்.” மதுரையில் இருந்த என் வகுப்புத் தோழனுக்குப் போன் போட்டு மறுநாள் பிற்பகலுக்கு நேரமும் வாங்கிவிட்டேன்.

மறுநாள் காலை கார் வந்து நின்றது. காரோடு வந்தவர் பையனின் தாய்மாமன், அம்பாசமுத்திரத்தில் அரிசிக் கடை வைத்திருந்த சிதம்பரம் அண்ணாச்சி. வெள்ளைவேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, வாசலுக்கு முன்னால் குரல் வரும் ஆள். முறை வரும்வரை வெளி பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அறைக்குள் நுழைந்தவர் கைகூப்பி, “கும்புடுதேன் டாக்டரய்யா! எம் மருமவன் கண்ணு ஒங்க கையிலதான் இருக்கு” என்றார்.

சொன்னது என்னிடம் அல்ல. மூலையில் தாங்கியில் தொங்கிய என் வெள்ளைக் கோட்டிடம். நான் அரைக்கைச் சட்டையோடு இந்தப் பக்கம் மேசையில் இருந்தேன்.

“அண்ணாச்சி, கோட்டு இன்னிக்கு லீவு. இங்கன வாங்க” என்றேன்.

குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு அறை அதிரச் சிரித்தார். “தமாசுக்குச் செஞ்சேன் டாக்டரே! நீங்க கேலி பேசுத ஆளுன்னு கேள்விப்பட்டிருக்கேன்லா!”

நானும் சிரித்தேன். அந்தக் கோட்டு என்னைவிட ஆகிருதியானது என்பதால் கொஞ்சம் மனத்தாங்கலோடு சிரித்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

“கையெழுத்து எங்கன போடணும்? சட்டுபுட்டுன்னு காரியத்த முடிங்க. மதுரைக்குப் போய்ச் சேரணும்” என்று அண்ணாச்சி விரட்டினார். வெளியே டிரைவர் ஹார்ன் அடித்தான். அப்போது நடைக்கூடத்திலிருந்து ஆவுடையம்மாள் மகனைக் கூப்பிட்டார்: “ஏலே பிரமநாயகம்! கண்ணுல கட்டோட எங்கனல போற? செவுத்துல முட்டிக்கிடாத! ஏ பிரமநாயகம்!”

மதுரைக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த என் கையில் பேனா நின்றது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும், உங்களில் பலர் வேறு ஊர்க்காரர்கள். எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பேர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பேர். அந்தக் காலத்து மருமகள் மாமனார் பேரை வாயால் சொல்லமாட்டாள். அதனால் மூத்தவனுக்கு என்னதான் அழகான பேர் வைத்திருந்தாலும் பெற்றவள் வாயில் அவன் ‘பெரியவன்’தான், ‘ஐயா’தான். இரண்டாமவனை மட்டும் தெருவே கேட்கும்படி முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அது அவள் அப்பா பேர் அல்லவா, யார் தடுப்பது!

இப்படிப் ‘பிரமநாயகம், பிரமநாயகம்’ என்று என் ஆஸ்பத்திரி நடைக்கூடம் அதிர ஒரு தாய் கூப்பிட்டதை நான் முன்பே ஒருமுறை கேட்டிருந்தேன். அந்தப் பையன் களக்காட்டிலிருந்து வந்தவன், சின்னவன், மாறுகண். மாறுகண்ணால் பார்வை மந்தமாகிவிட்டது என்று சொல்லி, கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைக் கட்டிவைத்து மந்தக் கண்ணைப் பழக்கச் சொன்னேன். மாதக்கணக்கில் கட்டியும் பார்வை ஏறவில்லை. இரண்டாவது கண்ணிலும் பார்வை சுமார்தான். அதற்கு நான் கண்டுபிடித்த காரணம், அந்த அம்மா ஒழுங்காகக் கட்டுவதில்லை என்பது. “நல்லாத்தான் கெட்டுதேன் டாக்டர்” என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். நான் நம்பவில்லை. மருத்துவனுக்கு ஒரு வசதி உண்டு. தனக்குப் புரியாததை நோயாளியின் அம்மா தலையில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடலாம்.

இரண்டு தாய்களும் கூசாமல் கூப்பிடுவது தங்கள் அப்பா பேரைத்தான் என்றால், அது ஒரே அப்பாவாக இருக்குமோ? ஆவுடையம்மாளை உள்ளே கூப்பிட்டேன். “ஏம்மா, களக்காட்டுல ஒங்களுக்குக் கூடப்பிறந்த ஆளு உண்டா?”

அவர் கண் விரிந்தது. “தங்கச்சிய அங்கனதான் கெட்டிக் கொடுத்திருக்கு. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவங்க பையன் பேரும் பிரமநாயகம்தானே? மாறுகண்ணு?”

“ஆமா! எங்க அப்பா பேருதான் ரெண்டு பேருக்கும். டாக்டரு சோசியமும் பாப்பியளா?”

“ஒங்க வீட்டுக்காரரும் களக்காட்டு மாப்பிள்ளையும் சொந்தமா?”

“அவ்வோ யாரோ, இவ்வோ யாரோ. கல்யாணத்துலதான் முதல்ல பாத்துக்கிட்டாவ.”

தம்பி தங்கைகளே, நீங்களே கூட்டிப் பாருங்கள். அக்காள் பையனுக்கும் தங்கை பையனுக்கும் சின்ன வயதிலிருந்தே கண் மந்தம். அப்பாக்கள் உறவில்லை. அப்படியானால் பையன்களுக்கு அது வந்த வழி அம்மாக்கள். பெண்கள் தங்களுக்கு ஒன்றும் தெரியாமல் சுமந்து, ஆண் பிள்ளைகளில் சிலருக்குக் கொடுக்கும் ஒரு வியாதி விழித்திரைக்கு உண்டு. பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பரீட்சையில் வராது என்று யாரோ சொன்னதால் அந்தப் பக்கத்தை நான் விரைவாகத் திருப்பியிருந்தேன். அதில் விழித்திரை கழல்வதில்லை, பிளக்கிறது.

ஜங்ஷனில் சுவரொட்டி பார்த்திருப்பீர்கள். ஒட்டிய சுவரொட்டி சுவரைவிட்டு மொத்தமாக வருவது ஒன்று. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியதில் மேல் தாள் மட்டும் உப்பி எழும்ப, அடித்தாள் சுவரிலேயே இருப்பது இன்னொன்று. முதலாவது கழன்ற விழித்திரை. சீக்கிரம் ஒட்டாவிட்டால் பார்வை போகும். இரண்டாவது பிளந்த விழித்திரை. பெரும்பாலும் சும்மா விட்டால் அப்படியே பல காலம் இருக்கும். எழும்பிய மேல்தாளில் ஓடும் ரத்தக் குழாய் ஓர் அதிர்ச்சியில் அறுந்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். அதுவும் தானாக வடியக்கூடும். கழன்றது என்று நினைத்து உள்ளே கத்தி வைத்தால், இருக்கும் தாளையும் கிழித்துவிடலாம். என் இயந்திரத்தின் மழைப் படத்தில் இரண்டுமே ஒரே வெள்ளைக் கோடு.

இந்த வியாதியின் வழக்கமான முகம், பள்ளிக்கூடத்துப் பையன், இரண்டு கண்ணிலும் சுமாரான பார்வை, விழித்திரையின் நடுவில் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரிச் சுருக்கங்கள். ஆனால் அது மாறுவேடத்தில் பிரியமுள்ளது. களக்காட்டில் மாறுகண்ணாக வந்திருந்தது. விக்கிரமசிங்கபுரத்தில் ரத்தமாக வந்திருக்கிறதோ?

இதைத் தீர்மானிக்க பிரமநாயகத்தின் எந்தக் கண்ணுக்குள்ளும் பார்க்க வழியில்லை. ஒன்றில் ரத்தம், ஒன்றில் புரை. களக்காட்டுப் பையனை வரவழைக்க நேரமில்லை. வேறு யாரைப் பார்க்கலாம்? இந்த அம்மாவுக்கு வந்த வழியிலேயே வந்த ஓர் ஆண்பிள்ளை வேண்டும். அவளோடு பிறந்தவன் வேண்டும்.

திரும்பிப் பார்த்தேன். கோட்டுக்கு வணக்கம் சொன்னவர் சட்டைப்பையிலிருந்து வெற்றிலை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, டிரைவர் ஒரு காப்பி குடிச்சிட்டு வரட்டும். அதுக்குள்ள ஒங்க கண்ணையும் ஒரு பார்வை பாத்துருவோமா?”

“எனக்கு என்னத்துக்கு? கல்லிடைக்குறிச்சியில நின்னுக்கிட்டு பாபநாசம் கோபுரத்துல எத்தன கலசம்னு சொல்லுத ஆளு நான்.”

“அப்ப இந்த அட்டைய வாசிச்சுக் காட்டுங்க. ரெஜினா சிஸ்டருக்கு ஒங்க மாதிரிக் கண்ணு உள்ளவங்களப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை.”

சிஸ்டர் என்னை முறைத்தார். அண்ணாச்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேல் வரியிலிருந்து பொடி எழுத்துவரை கடகடவென்று ஒப்பித்தார். ஒரு தடங்கல் இல்லை. அதுதான் உறுத்தியது. நல்ல கண் உள்ளவனும் கடைசி வரியில் கண்ணைச் சுருக்குவான், ‘ப’வா ‘ய’வா என்று இழுப்பான். இவர் சிவபுராணம் சொல்வதுபோலச் சொன்னார்.

சிஸ்டருக்குக் கண்ஜாடை காட்டினேன். அவர் சத்தமில்லாமல் அட்டையைத் திருப்பி மாட்டினார். பின்பக்கம் முழுக்க ஆங்கில எழுத்து.

“அருமை அண்ணாச்சி. ஒருதரம் கூட?”

அதே தமிழ் எழுத்துகளை, அதே வரிசையில், அதே கம்பீரத்தோடு சொல்லி முடித்தார். காலையிலிருந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரும் வாசித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார்! சிஸ்டர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் இவ்வளவு கெட்டிக்காரத்தனத்தை என் மருத்துவப் படிப்பில்கூடக் காட்டியதில்லை என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். அறையின் அமைதி அவருக்குப் புரிந்துவிட்டது.

“டாக்டரே,” என்றார் மெதுவாக. “கதவச் சாத்துங்க.”

சாத்தினோம்.

“பள்ளிக்கூடத்துலயே எனக்கு போர்டு தெரியாது. சொல்லல. மந்தம்னு அடிச்சாவ, வாங்கிக்கிட்டேன். பொறவு கடையில உக்காந்தேன். அரிசிய நான் கையால பாப்பேன், மூக்கால பாப்பேன். கண்ணு எதுக்கு? ரோட்டுலதான் பாடு. எதிர்ல வாரவன் சிரிக்கானா மொறைக்கானான்னு தெரியாது. கும்பிடாமப் போனா தலைக்கனம்பாவ. அதனால ஆளு மாதிரி எது நின்னாலும் முந்திக்கிட்டு ஒரு கும்பிடு போட்டுருவேன். எத்தனையோ கம்பத்தக் கும்பிட்டிருக்கேன். இன்னிக்கு ஒங்க கோட்ட.”

“வீட்டுல யாருக்கும் தெரியாதா?”

“ரெண்டு தங்கச்சியக் கெட்டிக் குடுக்கணும்லா. கூடப்பிறந்தவனுக்குக் கண்ணு தெரியலன்னா பொண்ணு எடுக்க எவன் வருவான்? அப்படியே வாயப் பொத்திக்கிட்டேன். இப்ப இந்தப் பயலுக்கும் போவுது. எனக்காவது ரெண்டுலயும் பாதிப் பாதி உண்டு. அவனுக்கு இருக்கது ஒண்ணு. அதான் வெரசா ஆபரேஷன் பண்ணுங்கன்னு பறக்கேன்.”

சொட்டு மருந்து விட்டு, கண்பாவை விரியக் காத்திருந்து, விளக்கை வைத்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் நடுவில் பழைய தேய்மானம். கீழ்ப்பக்கம் விழித்திரையின் மேல்தாள் மெல்லிய முக்காடுபோல எழும்பி நின்றது. அதில் நீள்வட்டமாக ஓட்டைகள். ஒரு ரத்தக் குழாய் எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் ஓடியது. புத்தகத்தில் நான் தாவிப்போன அந்தப் பக்கம், அம்பாசமுத்திரத்து அரிசி வியாபாரியின் கண்ணுக்குள் விரித்து வைத்திருந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர். யாரும் தொடாததால் பிளவு பிளவாகவே இருந்தது, பாதிப் பார்வையும் பாதியாகவே நின்றது.

இனி என்ன, முடிவு எடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். அவ்வளவு சுலபமா? மாமனுக்கு இருப்பதால் மருமகனுக்கும் இதுதான் என்பது ஊகம். பிளவு இருக்கும் கண்ணிலேயே கழற்சியும் வரலாம். நான் காரைத் திருப்பி அனுப்பி, அது உண்மையில் கழன்ற விழித்திரையாக இருந்துவிட்டால், அந்தப் பையன் ஆயுசுக்கும் இருட்டில் இருப்பான். அனுப்பி, அது பிளவாக இருந்துவிட்டால், அறுவையிலேயே கண் போகலாம்.

மதுரைத் தோழனுக்குப் போன் போட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, “நேத்து கழன்றிருக்குன்னு சத்தியம் பண்ணினவன் யாருல?” என்றான்.

“நான்தான். இன்னிக்கு வேற ஆளு.”

“கண்ணை உருட்டச் சொல்லி மறுபடி ஸ்கேன் பாரு. புதுசா கழன்ற திரை திரைச்சீலை மாதிரி ஆடும். பிளந்தது விறைப்பா நிக்கும்.”

பார்த்தேன். ஆடவில்லை. சொன்னேன்.

“பழைய கழற்சியும் ஆடாதுவே. ஆனா மாமன் கண்ண வச்சுப் பாத்தா நான் காத்திருப்பேன். தினமும் பாரு. கோடு நகர்ந்துச்சுன்னா அன்னிக்கே இங்க அனுப்பு. தியேட்டர் தயாரா இருக்கும். முடிவு ஒன்னோடது, பயலப் பக்கத்துல வச்சிருக்கது நீ.”

காத்திருப்பது என்று தீர்மானித்தேன். அதைச் சொல்ல அண்ணாச்சியிடம் போனேன். “ஒங்க தங்கச்சிகிட்ட காரணம் சொல்லியாகணும். ஒங்க கண்ணப் பத்தி நீங்க சொல்லக்கூடாதுன்னா நான் சொல்ல மாட்டேன். ஆனா நேத்து உடனே ஆபரேஷன்னு பயங்காட்டிட்டு, இன்னிக்கு வேண்டாம்னு சும்மா சொன்னா எந்தத் தாய் கேப்பா?”

மருந்தில் விரிந்த கண்ணோடு வெளிச்சம் கூசக் கூச அவர் எழுந்தார். கதவுச் சட்டத்தைக் கையால் தடவித் திறந்து, நடைக்கூடத்துக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

“ஏட்டி ஆவுட, ஒண்ணு சொல்லணும். எனக்கும் கண்ணு சரியாத் தெரியாதுட்டி. சின்னதுலேருந்தே.”

ஆவுடையம்மாள் அண்ணனை ஏறிட்டார். “தெரியும்ணே.”

“என்னட்டி தெரியும்?”

“பொங்கல்ல கெடக்க மொளக ஒன் எலையிலேருந்து யாரு பொறுக்கிப் போடுவா? நான்தானே. கல்யாண வீட்டுப் பந்தியில நீ உக்காந்தா நான் எதுக்குப் பக்கத்துல வந்து நிக்கேன்னு நெனச்ச? தங்கச்சிக்கும் தெரியும். நான் இல்லாத எடத்துல அவ நிப்பா. நீ சொல்லல, நாங்களும் கேக்கல.”

அண்ணாச்சி பெஞ்சைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். நான் சுவரில் இருந்த தடுப்பூசி விளம்பரத்தை வெகு அக்கறையாக வாசித்தேன்.

பிறகு எல்லாவற்றையும் ஆவுடையம்மாளுக்குச் சொன்னேன். சுவரொட்டியைச் சொன்னேன், நேற்று நான் அவசரப்பட்டதைச் சொன்னேன், இன்று நான் சொல்வதும் தப்பாகப் போகலாம் என்பதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் விட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். “அப்ப இது என் வழியா அவனுக்கு வந்ததா?”

இந்தக் கேள்விக்கு எந்த இயந்திரமும் படம் காட்டாது. அண்ணாச்சிதான் பேசினார்.

“எனக்கு யாரு வழியா வந்துச்சு? நம்ம அம்மை வழியா. அவளப் போயி வையவா செய்யுதோம்? அவளுக்கே தெரியாம தந்தா. நீயும் தெரியாமத்தான் தந்திருக்க. போயி பயலுக்குச் சோறு குடுட்டி. காரு திரும்பிப் போவட்டும்.”

கார் போனது. பிரமநாயகத்தைக் கட்டிலில் தலையணைகள் அடுக்கிச் சாய்ந்த வாக்கில் உட்கார வைத்தோம், ரத்தம் கண்ணின் அடிக்கு இறங்கட்டும் என்று. அன்றைய வழக்கப்படி இரண்டு கண்ணுக்கும் கட்டு. ஒவ்வொரு காலையும் ஸ்கேன். அந்த வெள்ளைக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று முந்தின நாள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். “ஒங்க மூஞ்சியே அந்த ஸ்கேன் படம் மாதிரி ஆயிட்டு” என்றாள் என் மனைவி. கத்தியைக் கையில் எடுக்க எங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் உண்டு. கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது நடுக்கத்தை எங்கே ஒளித்து வைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பையன் என்னைவிடத் தைரியசாலி. “டாக்டர், நீங்க பயப்படுதியளோ?” என்று ஒருநாள் கேட்டான்.

“கட்டுப் போட்டிருக்க ஒனக்கு எப்படில தெரியும்?”

“இன்னிக்கு ஜோக்கே சொல்லலயே.”

கோடு நகரவில்லை. இரண்டாம் வாரத்தில் மேலே கொஞ்சம் வெளுத்தது. மேகம் விலகிய இடைவெளியில் மலை தெரிவதுபோல, ஒரு காலை விளக்கின் வெளிச்சத்தில் விழித்திரை தெரிந்தது. கீழே எழும்பிய மேல்தாள், அதன் ஓரத்தில் அறுந்த ரத்தக் குழாய். அடித்தாள் சுவரோடு பத்திரமாக இருந்தது. நடுவே வண்டிச் சக்கரத்து ஆரக்கால்கள், அச்சடித்த மாதிரி. நான் போட்ட சத்தத்தில் ரெஜினா சிஸ்டர் ஓடிவந்து, “டாக்டர், வெளியில ஆளுக பயப்படுதாங்க” என்றார்.

களக்காட்டுச் சின்னவனையும் வரவழைத்துப் பார்த்தேன். அவனுக்கும் அதே ஆரக்கால். அவன் அம்மாவிடம், “நீங்க நல்லாத்தான் கட்டியிருக்கீங்க” என்று சொன்னேன். அவர் என் மேசையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்தார், அந்த வைப்பில் கொஞ்சம் சத்தம் இருந்தது.

உங்களிடம் இன்று ரத்தத் துளியிலிருந்து மரபணுவைச் சொல்லும் சோதனை உண்டு. விழித்திரையின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் இயந்திரம் உண்டு. அவற்றுக்கும் சந்தனம் தடவுங்கள், தப்பில்லை. ஆனால் கண் மந்தமான ஒரு பையன் வந்தால், சுவிட்சைப் போடுவதற்கு முன் ஒருமுறை நடைக்கூடத்தை எட்டிப் பாருங்கள். அம்மாவோடு பிறந்தவர் வந்திருக்கிறாரா, அவர் எப்படி நடக்கிறார், எதற்கு வணக்கம் சொல்கிறார் என்று கவனியுங்கள். ரத்தம், மாறுகண், கழற்சி, எந்த வேடத்தில் வந்தாலும் இந்த வியாதி தன் சொந்தக்காரரைக் கூடவே கூட்டிக்கொண்டு வரும். அவரைப் பார்த்தபிறகும் முடிவு உங்களுடையதுதான். அதன் பயத்தை நோயாளியிடம் மறைக்காதீர்கள். அவன் எப்படியும் கண்டுபிடித்துவிடுவான்.

பிரமநாயகத்தின் கட்டை முழுசாக அவிழ்த்த அன்று காலை அண்ணாச்சி முதல் பஸ்ஸில் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தார். கடைக்குட்டிப் பிள்ளையின் கல்யாணத்துக்கு வந்தவர்போலச் சலவைச் சட்டை. கட்டில் காலடியில் நின்றார். ஆவுடையம்மாள் மறுபக்கம். நான் பஞ்சை எடுத்துவிட்டு, “பைய கண்ணத் தெற. என்ன தெரியுது?” என்றேன்.

அவன் கண்ணைத் திறந்தான், சுருக்கினான், மறுபடி திறந்தான். ஜன்னலைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு தாய்மாமனிடம் வந்து நின்றது பார்வை. வெகுநேரம் அங்கேயே இருந்தது. அண்ணாச்சிக்கு அவன் எங்கே பார்க்கிறான் என்பது தெரியவில்லை. முகத்தை முன்னுக்கு நீட்டிக்கொண்டு நின்றார்.

“மாமா,” என்றான் பிரமநாயகம், “சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருக்கீய. ஒரு பக்கம் மேல ஏறி நிக்கி.”

அண்ணாச்சியின் கை சட்டையைத் தடவிக் கீழிருந்து மேலே போனது. உண்மைதான். ஒவ்வொரு பொத்தானும் ஒரு ஓட்டை தள்ளி. ஆவுடையம்மாள் சரிசெய்யக் கையை நீட்டினார். அவர் தங்கையின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

“இருக்கட்டும்ட்டி,” என்றார்.

அன்று அவர் எங்கள் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தைத் தாண்டி, பாளையங்கோட்டைப் பஸ் நிலையத்தைத் தாண்டி, அம்பாசமுத்திரம் கடைத்தெரு முழுவதும் அந்தச் சட்டையோடுதான் போயிருக்கிறார். வழியில் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரிடமும் ஒரே பதில்தானாம்: “தெரியும்வே. எம் மருமவன் பாத்துச் சொல்லிட்டான்.”